ஆறாத ஒத்தடம்

உப்பையோ தவிட்டையோ வறுத்து, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மூட்டைக்கு ஒரு நற்குணம் உண்டு. சிறிது நேரத்தில் தானாகவே ஆறிவிடும். மின்சார ஒத்தடப் பட்டைக்கு அக்குணம் இல்லை. மின்சாரம் உள்ளவரை அது சூடு தந்துகொண்டே இருக்கும். ஆகவே மின் ஒத்தடத்தின் வரலாறு, சூட்டை நிறுத்தக் கற்ற வரலாறே ஆகும்.

சூடாக்குவது எளிது. கம்பியில் மின்னோட்டம் பாயும்போது தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டார். அமெரிக்க மருத்துவர் சிட்னி ரஸ்ஸல் 1912-இல் மின்சாரப் படுக்கை விரிப்பை உருவாக்கினார். அக்காலத்தில் காசநோயாளிகளைக் குளிரிலும் திறந்த வெளியில் படுக்கவைத்துச் சிகிச்சை செய்தனர். 1920களில் அவ்விடுதிகளில் இவ்விரிப்புகள் பயன்பட்டன.

தானாக இயங்கும் தெர்மோஸ்டாட் பொருத்திய போர்வை 1936-இல் வந்தது. பின்னர், சிறு தெர்மோஸ்டாட்டுகளைப் போர்வைக்குள்ளேயே ஆங்காங்கே வைத்துத் தைத்தனர். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய தகடு, சூட்டில் வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கும். ஆனால் தகடு இல்லாத இடத்தில் போர்வை மடிந்து வெப்பம் தேங்கினால், அது தகட்டுக்குத் தெரியாது.

சூட்டை அளவாக வைத்தால் போதுமா? போதாது. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். தோலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸில் இருந்தால் சுமார் 5 விநாடிகளில் தீப்புண் உண்டாகும். 49 டிகிரியில் சுமார் 10 நிமிடங்கள் ஆகும். வெறும் 44 டிகிரியிலும், சுமார் 6 மணி நேரத்தில் தோல் வெந்துவிடும்! 60 டிகிரி சூடு பட்டால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வீர்கள். 44 டிகிரியிலோ இதமாக உறங்கிப்போகலாம். நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குன்றியவருக்கு, விழித்திருக்கும்போதே சூடு தெரியாமல் போகலாம்.

1980களில் புதுவகைக் கம்பிகள் வந்தன. இவற்றின் இரு கடத்திகளுக்கு இடையே உள்ள பொருளின் மின்தடை, சூடு ஏறும்போது உயரும். மின்னழுத்தம் மாறாதிருக்க மின்தடை உயர்ந்தால், மின்னோட்டம் குறையும் அல்லவா? ஆகவே எந்த இடத்தில் சூடு மிகுகிறதோ, அந்த இடத்திலேயே வெப்பம் குறைகிறது.

ஆயினும் இவை யாவும் சூட்டின் அளவைத்தான் காக்கின்றன. நேரத்தைக் காப்பதற்குத் தனியே ஒரு கடிகார விசை வேண்டும். எனவே ஒத்தடப் பட்டை வாங்கும்போது இரண்டும் உள்ளதையே, தரமுத்திரை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதை மடித்து வைத்தோ, அதன்மேல் படுத்தோ பயன்படுத்தாதீர்கள். உணர்ச்சி குன்றியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது வேண்டவே வேண்டாம். கடைக்காரரிடம், “எவ்வளவு சூடாகும்?” என்று கேட்பதோடு நில்லாமல், “எப்போது தானாக நிற்கும்?” என்றும் கேளுங்கள்.