வண்டலில் ஆழ்ந்த கலங்கள்

1694ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24ஆம் நாள், மிளகோடு, சென்னையில் ஏற்றிய செம்மரமும் சுமந்து வங்கத்துக்கு வந்த ‘ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்னும் ஆங்கிலக் கப்பல், ஹூக்ளி நதியில் ஏறிவரும்போது மணல் திட்டொன்றில் தட்டி, தட்டிய மாத்திரத்தில் கவிழ்ந்து, நடுவே பிளந்து அழிந்தது. நான்கைந்து பேர் உயிர் துறந்தனர். ஜாப் சார்னாக் சுதானுட்டிக் கரையில் இறங்கிக் கல்கத்தா நகரத்துக்கு வித்திட்டு அப்பொழுது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கப்பலின் பெயரை அத்திட்டு ஏற்றுக்கொண்டு, பின்வந்த இருநூறு ஆண்டுக் காலமும் ‘ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்ற அந்தப் பெயராலேயே மாலுமிகளை நடுங்கவைத்தது.

தாமோதர நதியும் ரூபநாராயண நதியும் ஹூக்ளியில் வந்து விழும் இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவே, ஏறக்குறைய மூன்று மைல் நீளத்துக்கு இத்திட்டு கிடந்தது. பக்க நதிகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலும், கடலிலிருந்து ஏறிவரும் ஓதமும், மேலிருந்து இறங்கும் வெள்ளமும் ஒன்றையொன்று எதிர்க்கும் அவ்விடத்தில் நதியின் அடித்தளம் ஒருபொழுதும் நிலையாக இராது. இன்று ஆழமாயிருந்த வழி சில நாட்களில் மேடிட்டுப்போகும். அடிப்பாகம் தரையில் தட்டிய கப்பலை நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளிக் கவிழ்க்க, அதன் கீழிருந்த மணல் அரித்தோடிக் குழியாக, அக்குழிக்குள் கப்பல் இறங்க, மேலே புது மணல் வந்து மூடும். இந்த நதிக்கென்றே தனியாக வழிகாட்டி மாலுமிகளின் உத்தியோகம் ஒன்று ஏற்பட்டு, அது மிக்க மதிப்போடு விளங்கியதற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

கடலில் மூழ்கிப் பழம்பொருள் தேடும் கலை பிற இடங்களில் பெரும் பயன் தந்திருக்கிறது. இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டைக்கு அருகே கோடவாய என்னுமிடத்தில், 2003ஆம் ஆண்டில், கடலில் மூழ்கும் மீனவர் கண்டறிந்த சிதைவு, சுமார் இரண்டாயிரம் ஆண்டு முந்தைய கப்பல் ஒன்றின் எச்சம் என்று பின்னர் நிலைநாட்டப்பட்டது. கண்ணாடிக் கட்டிகளும் அம்மிக் கற்களும் முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடந்தன. ஹூக்ளியிலோ மூழ்குபவனுக்குத் தன் கையே தெரியாது. ஆதலின் இப்பிரதேசத்தில் கடல் வாணிகத்தின் சரித்திரத்தை அறிய விரும்புவோர், கப்பலை விட்டுவிட்டு, அக்கப்பல்கள் சென்றடைந்த துறைமுகங்களின் மண்ணைத் தோண்டவேண்டியவராயினர்.

அத்தகைய இடங்களில் பிரதானமானது, கல்கத்தாவுக்கு வடகிழக்கே இருபது மைலுக்குச் சற்று அப்பால், பேராச்சாம்பா கிராமத்தை அடுத்துள்ள சந்திரகேதுகர். இன்று மெலிந்து கிடக்கும் வித்யாதரி நதி அன்று கப்பலோடிய நீர்வழி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து பார்த்த தொல்பொருள் இலாகா அதிகாரி லாங்ஹர்ஸ்ட் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை என்று எழுதிவிட்டார். சில வருஷங்களில் வந்த ராக்கல்தாஸ் பானர்ஜியோ, பிற்காலத்தில் மொஹெஞ்சொதாரோவைக் கண்ட அதே கண்களால், இம்மேடுகளின் தொன்மையை உணர்ந்தார். கல்கத்தா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆசுதோஷ் மியூசியம் 1956 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் இங்கு அகழ்ந்தது. மௌரியர்க்கு முந்திய காலம் தொட்டுப் பாலர் காலம் வரையில் மனித வாழ்வின் படிவுகள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. கனா-மிகிர் மேடு எனப்படும் திட்டில் குப்தர் காலத்துச் செங்கற்கோயில் ஒன்று தலைகாட்டியது.

தமிழ்நாட்டிலிருந்து செல்பவனுக்கு அங்கே மிகுந்த ஆச்சரியம் விளைவிப்பது, ஒரு மண்தட்டின் துண்டு. உட்புற நடுவில், பற்சக்கரத்தை உருட்டிப் பதித்தாற்போன்ற வளையக் கோலம் கொண்டு, மழமழவென்று மெல்லியதாக இருக்கும் ரௌலட்டட் வகை ஓடு அது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அதனைக் கடல் கடந்து மேற்கிலிருந்து வந்த சரக்கென்று கருதினார். அவ்வோடுகளே அழகன்குளத்திலும் இலங்கையிலும் சந்திரகேதுகரிலும் கிடைக்க, கருத்து மாறிற்று. களிமண்ணின் தாதுக்களை ஆராய்ந்த கோக்தே என்பவர் 1997ஆம் ஆண்டில், அதன் பிறப்பிடம் கங்கையின் கீழ்ப்பகுதியே என்று வாதித்தார். வேறு சிலர், தென்கிழக்கு இந்தியாவே என்று மறுத்தார்கள். வழக்கு முடியவில்லை. எந்தப் பக்கம் தீர்ப்பு அமைந்தாலும், கங்கை முகத்துவாரத்துக்கும் சோழ பாண்டியக் கரைகளுக்கும் இடையே தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய கப்பல்கள் வழக்கமாகப் போய்வந்தன என்பது உறுதி. கங்கையின் செல்வம் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்ததாகக் கூறும் பட்டினப்பாலையை வெறும் கவிதை வர்ணனை என்று இனித் தள்ளிவிட முடியாது.

ரூபநாராயணக் கரையிலுள்ள தம்லுக், பழைய தாம்ரலிப்தி, இதே வழியின் மற்றொரு துறை. ஐந்தாம் நூற்றாண்டில் சீன யாத்ரீகர் பாஹியான் அங்கே இரண்டு ஆண்டுகள் தங்கி ஏடுகளைப் படியெடுத்து, வர்த்தகக் கப்பலேறிப் பதினான்கு நாட்களில் இலங்கையை அடைந்தார். மேற்கூறிய திட்டு உருவாகுமிடமும் அந்த ரூபநாராயணம் கலக்கும் இடமே என்பதை வாசகர் கவனித்திருக்கலாம்.

இவ்வளவும் மண்ணின் கைங்கரியம். மனிதன் செய்ததைச் சொன்னால் வருத்தமே மிஞ்சும். 1783ஆம் ஆண்டில் காளிகாட்டில் நவகிருஷ்ணர் என்பவருக்கு ஒரு பித்தளைக் குடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் கிடைத்தன. அவற்றைப் பெற்ற வாரன் ஹேஸ்டிங்ஸ் லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்களுக்கு அனுப்பினார். அவர்கள் சிலவற்றை பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் வேறு சில கூடங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை உருக்கிவிட்டார்கள். பிற்காலக் குப்த அரசர்களின் காசுகள் அவை. நகரத்தின் தெற்கே ஆதி கங்கைக் கரையில், ஆங்கிலேயன் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொன் புழங்கியது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று உண்டா? குடம் எவ்விடத்தில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்று மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை.

சந்திரகேதுகரிலும் அதுவே நிகழ்ந்தது. குளம் வெட்டும்பொழுதும் வயலுழும்பொழுதும் கிடைத்த சுடுமண் யட்சிகள், கொண்டையில் ஆயுதம் போன்ற ஊசிகள் செருகிய அந்த அபூர்வ வடிவங்கள், தரகர் கைமாறி அயல்நாட்டுக் காட்சிக்கூடங்களை அலங்கரிக்கின்றன. கப்பலும் குதிரையும் பொறித்த முத்திரைகளில் கரோஷ்டி, பிராமி ஆகிய இரு லிபிகளும் கலந்த எழுத்தைப் பேராசிரியர் பி. என். முகர்ஜி படித்துக் காட்டி, வடமேற்கிலிருந்து வந்த வணிகர் வங்கத்தில் குதிரைகளைக் கப்பலேற்றினார்கள் என்ற துணிபுக்கு வந்தார். அவர் வாசிப்பை ஏற்காத அறிஞரும் உண்டு. அந்த முத்திரைகளில் பல, அகழ்ந்த குழியின் அடுக்கிலிருந்து எடுக்கப்படாமல், பொறுக்கியவர் கையிலிருந்து வந்தவை. ஆகையால் மண்ணடுக்கைச் சாட்சிக்கு அழைத்து அவ்விவாதத்தைத் தீர்க்கும் மார்க்கம் அடைபட்டுப்போயிருக்கிறது.