திருவுளச் சீட்டும் தொடுதிரையும்

நாகரசம்பட்டியிலிருந்து போச்சம்பள்ளிச் சந்தைக்கும், ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் பயணம் செய்யும் நம் இளைஞரிடத்தில் கைப்பேசி இல்லாதவர் இன்று அரியர். கூண்டைத் திறந்து கிளியைச் சீட்டெடுக்கச் செய்யும் சோதிடர் சந்தைகளில் அருகி வருகிறார். ஆனால் சீட்டு அருகவில்லை. திரையைத் தொட்டதும் அன்றைய நாளுக்கென ஒரு வாக்கைக் காட்டும் செயலிகள் பெருகியுள்ளன. விவிலிய வசனம் எடுத்துத் தருபவையும் அவற்றுள் உண்டு. இவை வருங்காலம் உரைப்பவை அல்ல, ஒருவர் தம் உள்ளத்தைத் தாமே ஆய்ந்து பார்க்க உதவும் கருவிகளே என்பது இவற்றை வடிவமைப்போர் கூறும் விளக்கம். இவ்விளக்கத்தை நாம் ஏற்கலாமா? கருவி புதிது, கேள்வியோ திருச்சபைக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமையுடையது.

சீட்டெடுத்தல் நம் மண்ணுக்கு அயலான வழக்கமன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். சைவர்களிடத்தில் தேவார ஏட்டுச் சுவடிக்குள் கயிறு சாத்தி, கயிறு விழுந்த ஏட்டின் பாடலைத் தமக்குரிய விடையாகக் கொள்ளும் வழக்கம் இருந்தது. கொங்கு நாட்டிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் தெய்வத்தின் முன் பூக்கேட்டல் இன்றும் உண்டு. 'திருவுளச் சீட்டு' என்று நம் மொழி வழங்கும் சொல்லே, மனிதன் எடுக்கும் சீட்டில் இறைவனின் உள்ளம் வெளிப்படும் என்னும் நம்பிக்கையைத் தாங்கி நிற்கிறதன்றோ!

யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டே தெரிந்தெடுத்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. ஆகவே சீட்டு என்றதும் பாவம் எனத் தள்ளிவிடத் திருச்சபை அறிஞர்களால் இயலவில்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் சீட்டை மூவகைப்படுத்தினார். பொருளையோ பொறுப்பையோ பங்கிட எடுப்பது ஒன்று. என்ன செய்வது என அறிய எடுப்பது மற்றொன்று. என்ன நிகழும் என அறிய எடுப்பது மூன்றாவது. குடவோலை முதல் வகை. கிளியின் சீட்டு மூன்றாம் வகை. அதை அவர் ஏற்கவில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் சோதிடம், கைரேகை, சகுனம் ஆகியவற்றோடு இதனையும் விலக்குகிறது. சிக்கலெல்லாம் நடு வகையில்தான். தேவையின்றி எடுப்பதும், வணக்கமின்றி எடுப்பதும், இறைவார்த்தையை உலகக் காரியங்களுக்கு வளைப்பதும், திருச்சபைப் பதவித் தேர்வுக்குப் பயன்படுத்துவதும் தவறு என்று அக்குவினார் வரம்பு கட்டினார்.

மூன்றாவதாகக் குறித்த வரம்பு அவருக்கு முன்பே புனித அகுஸ்தீனாரிடம் காணப்படுவது. அகுஸ்தீனார் மனந்திரும்பியதே ஒருவகையில் ஏடு புரட்டியதால் அன்றோ! 386இல் மிலான் நகரத் தோட்டத்தில், எடுத்துப் படிக்கும்படி தூண்டிய குழந்தைக் குரலைக் கேட்டு, பவுலடியாரின் உரோமையர் மடலைத் திறந்து, கண்ணில் பட்ட பகுதியைப் படித்தார். ஆயினும் 400ஆம் ஆண்டையொட்டி சனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய மடலில், நற்செய்தி ஏடுகளிலிருந்து சீட்டெடுக்கும் வழக்கம் தமக்கு உகந்ததன்று என்கிறார். பேய்களிடம் குறி கேட்க ஓடுவதைவிட இது மேல் என்று இரக்கத்தோடு ஒப்புக்கொண்டு, மறுவாழ்வைப் பற்றிப் பேசும் இறைவாக்கை இவ்வுலக வணிகத்துக்குத் திருப்புவதை மறுக்கிறார். முரண்பாடு போலத் தோன்றினும் முரண்பாடில்லை என்பது நம் கருத்து. தோட்டத்தில் அவர் கேட்டது வருங்காலச் செய்தியன்று. தாம் ஏற்கெனவே அறிந்து, செய்யத் தயங்கிய ஒன்றையே அந்த ஏடு அவர் முன் நிறுத்தியது.

506இல் கூடிய அக்து சங்கம் இவ்வழக்கத்தைக் கைக்கொள்வோரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கும் தண்டனையை விதித்தது. வழக்கம் நின்றதா? 1208ஆம் ஆண்டளவில் புனித பிரான்சிஸ் அசிசியார் தம் முதல் தோழர் பெர்னார்துவுடன் கோவிலுக்குச் சென்று நற்செய்தி நூலை மும்முறை திறந்தார். உடைமைகளை விற்றுக் கொடுத்தல், பயணத்துக்கு எதுவும் எடுத்துச் செல்லாமை, தன்னலம் துறத்தல் என மும்முறையும் ஒரே திசையே காட்டப்பட்டது. பொன்னையோ பெண்ணையோ பற்றி அவர் கேட்கவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

எகிப்தில் கோப்து மொழியில் எழுதப்பட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் சிற்றேடு ஒன்று அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதனை 2014இல் ஆன்மேரி லுயெண்டைக் என்னும் அறிஞர் பதிப்பித்தார். 'மரியாவின் சீட்டு நற்செய்தி' என்பது அதன் பெயர். பெயரில் நற்செய்தி இருப்பினும் அதில் இயேசுவின் வரலாறு இல்லை. 37 விடைகள் மட்டுமே உள்ளன. கேள்விகள் ஒன்றுமில்லை! கேட்பவரின் கேள்வி எதுவாயினும், இரு மனம் கொள்ளாதே, இறைவனை நம்பு என்னும் போக்கிலேயே பல விடைகள் செல்கின்றன. அதை எழுதியவர் இன்றைய செயலி வடிவமைப்பாளரின் மூதாதை எனலாம். துயருற்று வருபவர் எதைக் கேட்பார் என்பது அவருக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் பொருந்தும் விடையை அவர் முன்கூட்டியே அமைத்து வைத்தாக வேண்டும்.

கணினிக்கும் குறி நூலுக்கும் உள்ள உறவு இன்னும் வியப்பானது. ஒன்று, சுழி ஆகிய இரண்டே இலக்கங்களால் எல்லா எண்களையும் எழுதும் முறையை ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்சு வகுத்திருந்தார். பீகிங்கில் பணியாற்றிய பூவே என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி, 1701இல் சீனரின் பழம்பெரும் குறி நூலாகிய 'யீ சிங்'கின் 64 வடிவங்களை வரைந்த படத்தை அவருக்கு அனுப்பினார். முழுக்கோடும் முறிகோடும் மட்டுமே கொண்ட அப்படத்தில் தம் எண்முறையையே கண்ட லைப்னிட்சு, அதைக் குறிப்பிட்டு 1703இல் தம் கட்டுரையை எழுதினார். இன்றைய கணினிகள் யாவும் அந்த ஈரிலக்க முறையில்தான் இயங்குகின்றன. 1890இல் நடு ஆசியாவின் குச்சாவில் கிடைத்த 'பவர் சுவடி'யிலும், நான்கு முகக் காயை மும்முறை உருட்டி விடை காணும் வடமொழிக் குறி நூல் உண்டு. அங்கும் கிடைக்கக்கூடிய சேர்க்கைகள் 64தான்.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய சான்று ஜெர்மனியின் எர்ன்கூட் சிற்றூரில் உள்ளது. அது மொராவியச் சகோதரர் குழுவின் ஊர். அக்குழுவினர் 1760 முதல் 1803 வரை நம் தரங்கம்பாடியிலும் தங்கிப் பணிபுரிந்தனர். 1728 மே 3 அன்று அவர்களின் தலைவர் சின்சென்டோர்பு, மறுநாளைக்கென ஓர் இறைவாக்கை மக்களுக்குக் கொடுத்தார். பின்னர் நாள்தோறும் காலையில் சகோதரர்கள் வீடு வீடாகச் சென்று அன்றைய வாக்கை அறிவித்தனர். 1731 முதல் ஆண்டு முழுமைக்கும் சீட்டெடுத்து நூலாக அச்சிட்டனர். இன்றும் ஆண்டுதோறும் எர்ன்கூட்டில் சீட்டெடுப்பு நடைபெறுகிறது. கைப்பேசியிலும் அது கிடைக்கிறது. இதே குழுவினர் திருமணத்துக்கும் பணியமர்த்தலுக்கும்கூட ஒருகாலத்தில் சீட்டுப் போட்டுப் பார்த்தனர். 19ஆம் நூற்றாண்டில் அதைக் கைவிட்டனர். நாள் வாக்கை மட்டும் விடவில்லை. ஏன்? அந்த வாக்கு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அன்று எல்லாருக்கும் அதுவே. எனவே இது எனக்கு மட்டும் இறைவன் சொன்னது, இந்த வேலையை விட்டுவிடு என்கிறார், இந்த வரனை ஏற்றுக்கொள் என்கிறார் என்று ஒருவரும் வாதாட இடமில்லை.

செயலியின் நிலை வேறு. தொடுபவர் தமக்கே வந்த வாக்கு என்று அதை எண்ணுகிறார். உண்மையில் நடப்பதென்ன? பெரும்பாலான நிரல்களில் தொடக்க எண் ஒன்று வாய்பாட்டில் இடப்பட்டு, அடுத்தடுத்த எண்கள் கணக்காகவே பிறக்கின்றன. தொடக்க எண்ணையும் வாய்பாட்டையும் அறிந்தவருக்கு அடுத்த சீட்டும் தெரியும். இதில் தவறேதுமில்லை, குடத்திலுள்ள ஓலைகளை எழுதியவரும் மனிதர்தாமே. ஆனால் கிளி சோதிடரின் சீட்டுக் கட்டை நாம் கண்ணால் பார்க்கலாம். செயலிக்குள் எத்தனை வாக்குகள் உள்ளன, யார் தெரிந்தார், எவை விலக்கப்பட்டன என்பது தெரிவதில்லை. யோபுவின் புலம்பல் அங்கே இருக்கிறதா? இறைவாக்கினர் எரேமியாவின் முறையீடு? இனிப்பை மட்டும் பொறுக்கியெடுத்த பெட்டி, ஒப்பந்த வேலை முடிந்து வெளியே நிற்பவருக்கு என்ன சொல்லும் என்பதை நம்மால் கற்பனை செய்ய முடியவில்லை.

நம் பங்கு இளைஞர்கள் இத்தகைய ஒன்றை உருவாக்க முன்வந்தால் தடுக்க வேண்டியதில்லை. வாக்குகளின் பட்டியலை யாவரும் காணுமாறு வைக்கட்டும். அன்றைய வாக்கு அனைவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஆம், இல்லை என்னும் விடைகளுக்கு இடமே தராதிருக்கட்டும். பிடிக்காத வாக்கு வந்தால் மீண்டும் அழுத்திப் பார்க்கும் வசதியும் வேண்டா. எர்ன்கூட்டில் அந்த வசதி இருக்கவில்லை. வாக்கைச் சுமந்து வந்த சகோதரர் காலையில் ஒருமுறைதான் கதவைத் தட்டினார். வந்தவர் ஒரு மனிதராதலின் வீட்டாரின் நலத்தையும் கேட்டறிய முடிந்தது. பட்டியல், தேதி, வாய்பாடு ஆகியவற்றை நிரலில் எழுதிவிடலாம். அந்த நலம் கேட்டலை எங்கே எழுதுவது என்பதை, செயலியைத் தொடங்குமுன் இளைஞர்களும் பங்குப் பேரவையும் அமர்ந்து பேச வேண்டியிருக்கும்.