கோலும் கீழ்வாய்ச் சிற்றிலக்கமும்: சோழர் நிலவளவையின் நுண்மை பற்றிய ஓர் ஆய்வு

முதலாம் இராசராசன் காலத்தே, கி.பி. 1001-ஐ ஒட்டித் தொடங்கப்பெற்ற நில அளவைப் பணி தமிழக வரலாற்றில் தனிச்சிறப்பு உடையது. அப்பணியைப் பற்றி எழுதுவோர் பலரும் தவறாது கூறும் செய்தி ஒன்று உண்டு. ஒரு வேலி நிலத்தில் 5242,88,00,000-இல் ஒரு பங்கு அளவினதாகிய நிலமும் அளக்கப்பெற்று, அதற்கு இறையும் விதிக்கப்பெற்றது என்பதே அச்செய்தி. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில் ஊர்தோறும் எழுதப்பெற்றுள்ள பின்னங்களை நோக்கினால், இத்துணைச் சிறிய எண் ஆண்டு வருதல் உண்மையே. ஆயினும், எண் சிறிதாக இருத்தலாலேயே அளவையும் அவ்வளவு செம்மையாக இருந்தது என்று கொள்ளலாமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலவளவை நூல் கற்போர் முதற்கண் அறியவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. எழுதப்படும் எண் எத்துணைச் சிறு கூறுவரை செல்கிறது என்பது நுண்மை. எழுதிய எண் களத்தில் உள்ள நிலத்தோடு எத்துணைப் பொருந்துகிறது என்பது செம்மை. இவை இரண்டும் ஒன்றல்ல. நுண்மை மிக்க எண் செம்மையற்றதாகவும் இருத்தல் கூடும். கல்வெட்டுக் கணக்கை இவ்வேறுபாட்டின் துணைகொண்டு நோக்குவோம்.

1. கோலும் குழியும்

சோழநாட்டு நிலவளவைக்குக் கருவி கோல் ஆகும். பன்னிருசாண் கோல், பதினறுசாண் கோல் எனச் சாணால் பெயர்பெற்றனவும், மாளிகைக்கோல், உலகளந்த கோல், ஸ்ரீபாதக்கோல் எனப் பிறவாற்றாற் பெயர்பெற்றனவும் கல்வெட்டுகளில் வருகின்றன. நிலம் அளந்த பணியோடு தொடர்புற்ற சேனாபதி குரவன் என்பான் 'உலகளந்தான்' என்னும் பெயர் பூண்டிருந்தான். மூவடியால் உலகளந்த திருமாலின் பெயரை நிலவளவைக்கு உரியதாக்கிய அக்காலத்தார் மனப்பாங்கு கருதத்தக்கது.

ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. 256 குழி கொண்டதொரு மாவும் சில கல்வெட்டுகளில் வழங்குகிறது; தொண்டைநாட்டில் பாடகம் என்னும் வேறோர் அளவும் உண்டு. எனவே இடத்துக்கிடம் வழக்கு வேறுபட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஈண்டுக் கணக்கின் இயல்பை விளக்குதற்குப் பதினறுசாண் கோலையும் நூறு குழி கொண்ட மாவையும் எடுத்துக்கொள்வோம். சாண் ஒன்பது அங்குலம் எனின், கோல் பன்னிரண்டு அடி. குழி 144 சதுர அடி. வேலி 2,88,000 சதுர அடி, அஃதாவது ஏறக்குறைய 6.61 ஏக்கர். தஞ்சை மாவட்டத்து உழவர் ஒரு மாவை முப்பத்துமூன்று சென்ட் என்று கூறும் வழக்கு இக்கணக்கோடு நன்கு பொருந்துகிறது.

2. சிற்றிலக்கம் தோன்றும் வகை

தமிழர் பின்னக் கணக்கில் முந்திரி என்பது 320-இல் ஒன்று. அரைக்காணி 160-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. நாலுமா 5-இல் ஒன்று. முந்திரிக்கும் கீழே செல்லவேண்டின், 'கீழ்' என்னும் சொல்லை முன்வைத்து, அம்முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, மீண்டும் அதே பின்னங்களை அடுக்குவர். ஒரு கீழ் எனின் 320-இல் ஒரு பங்கு. இரு கீழ் எனின் 1,02,400-இல் ஒரு பங்கு. இதுவே கீழ்வாய்ச் சிற்றிலக்கம் எனப்படும்.

மேலே கூறிய பேரெண்ணை இப்போது பகுத்துக் காண்க. 320-ஐ நான்குமுறை தம்முள் பெருக்கி, அதனை ஐந்தால் பெருக்கினால் 5242,88,00,000 வரும். அஃதாவது, நான்கு கீழ்களை அடுக்கி நாலுமா என்று எழுதினால் அதுவே அவ்வெண். எனவே அது நிலத்தில் கண்ட ஓர் அளவன்று. எழுத்து முறையில் நான்காம் படியில் நிற்கும் ஒரு பின்னத்தின் பெயரே என்பது போதரும்.

இதனை மற்றுமோர் எடுத்துக்காட்டால் தெளியலாம். வயலில் ஒரே ஒரு குழி நிலம் இருப்பதாகக் கொள்வோம். அது கோலால் நேரே அளக்கத்தக்க முழு அளவு. அதில் நுண்மை ஏதும் இல்லை. ஆயின் அதனை வேலிக் கணக்கில் எழுதப் புகுந்தால், 2,000-இல் ஒரு பங்கு ஆகையால், 'கீழ் மூன்றுமா, கீழ் அரைக்காணி முந்திரி, கீழ்க்கீழ் நாலுமா' என்று எழுதவேண்டி வரும். அவற்றுள் கடைசிப் பின்னம் வேலியில் 5,12,000-இல் ஒரு பங்கு. அஃது ஒரு சாண் சதுரத்திற்குச் சரியாக நிற்பதும் காண்க. பன்னிரண்டடிச் சதுரம் ஒன்றைக் கூறுதற்கே இரண்டு கீழ்கள் வேண்டியிருத்தலின், கடைசிப் பின்னத்தின் சிறுமையைக் கொண்டு அளந்தோன் கைத்திறனை மதிப்பிடுதல் பொருந்தாது.

பெருக்கற் கணக்கும் கீழ்களை மேலும் அடுக்கும் இயல்புடையது. நீளத்தையும் அகலத்தையும் கோலில் ஒரு முந்திரிவரை, அஃதாவது ஏறக்குறைய அரை அங்குலம்வரை, குறித்தனர் என்று கொள்வோம். அரை அங்குலம் எவரும் காணக்கூடிய அளவே. ஆயின் அவ்விரண்டையும் பெருக்கி வேலியாக்கும்போது பின்னம் 20,48,00,000-இல் ஒன்று என்னும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பின்னர் இறையிலி நிலத்தைக் கழித்தலும், பங்கிடுதலும் நிகழ நிகழ அது மேலும் கீழிறங்கும். வேலியில் 5242,88,00,000-இல் ஒரு பங்கு என்பதோ, பக்கம் ஒன்றுக்கு ஒரு சாணில் 320-இல் ஒரு பங்கு, அஃதாவது முக்கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான சதுரம். பன்னிரண்டடிக் கோலை மண்ணில் கிடத்தி அத்துணைச் சிறு நிலத்தை எவரும் அளந்திலர், அளத்தலும் இயலாது.

3. நெல்லால் ஒரு சோதனை

அளத்தல் இயலாதாயினும், இறை கொள்ளுதற்காவது இப்பின்னம் பயன்பட்டிருக்குமோ எனின், அதனையும் ஆராய்வோம். தஞ்சைக் கல்வெட்டுகளில் வேலிக்கு நூறு கலம் நெல் என்னும் வீதம், இராசகேசரியோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பெறுவதாகக் காணப்படுகிறது. கலம் பன்னிரண்டு குறுணி. குறுணி எட்டு நாழி. எனவே வேலிக்கு 9,600 நாழி. ஒரு முந்திரி நிலத்திற்கு 30 நாழி. ஒரு முந்திரியை மீண்டும் 320 ஆகப் பகுத்தால் வருவது நாழியில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. நாழிக்கு நாற்பது செவிடு ஆகலின், அது மூன்றே முக்கால் செவிடு. மூன்றாம் கீழில் ஒரு செவிட்டில் எண்பதில் ஒரு பங்கும் தேறாது. நான்காம் கீழ் நாலுமாவிற்கோ, செவிட்டில் 1,30,000-இல் ஒரு பங்கினும் குறைந்த நெல்லே இறையாகும். ஒரு நெல்மணியின் சிறு துகளும் ஆகாத அதனை மரக்காலால் அளப்பது எங்ஙனம்? ஆதலின் மூன்றாம் கீழுக்கு அப்பாற்பட்ட பின்னங்கள் களத்திலும் பிறக்கவில்லை, களஞ்சியத்திலும் சேரவில்லை. கணக்கர் ஏட்டில் கூட்டலும் கழித்தலும் மிச்சமின்றி முடிதற்பொருட்டே அவை நின்றன என்று கருதுவது பொருந்தும்.

4. பிழை எங்கு நேரும்

உண்மையான பிழை கடைசிப் பின்னத்தில் நேர்வதன்று. கோலிலும் வயலின் வடிவிலும் நேர்வது. பதினறுசாண் கோல் 192 விரல் நீளமுடையது. அஃது ஒரே ஒரு விரல் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். குறைந்த கோலால் அளந்தால் குழிகளின் எண்ணிக்கை மிகும். உண்மையில் 2,000 குழி உள்ள ஒரு வேலி, ஏறத்தாழ 2,021 குழி எனக் கணக்கில் ஏறும். நூறு கலம் இறுக்கவேண்டிய உழவன் நூற்றொரு கலத்திற்கும் சற்று மிகுதியாக இறுக்கவேண்டிவரும். கோலில் ஒரு விரல் குறைந்தால் வேலிக்கு ஒரு கலம் மிகும். கோலின் குறை நீளம், அகலம் ஆகிய இரண்டிலும் புகுதலின் பிழை இருமடங்காகிறது என்பது நிலவளவை கற்போர் அறிந்ததே.

வடிவால் நேரும் பிழையும் இத்தகையதே. நாற்பக்கமும் பத்துக் கோல் உடைய வயல் ஒன்று உளது என்க. அது செஞ்சதுரமாயின் நூறு குழி. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி, அரைசெய்து, தம்முள் பெருக்கினாலும் நூறு குழியே வரும். ஆயின் அவ்வயல் சற்றுச் சாய்ந்து, ஒரு மூலைவிட்டம் பன்னிரண்டு கோலும் மற்றது பதினாறு கோலுமாக இருப்பின், உண்மைப் பரப்பு தொண்ணூற்றாறு குழியே. பக்கங்களை மட்டும் அளந்தவனுக்கு இந்நான்கு குழி வேறுபாடு புலப்படாது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் நூலில் இவ்வழியைத் தூலமான, அஃதாவது பருமட்டான, பரப்பு என்றே குறித்துச் சென்றார். மூலைவிட்டம் ஒன்றனை அளந்து வயலை முக்கோணங்களாக்கிய பின்னரே பரப்பு உறுதிபெறும். இன்றைப் பொறியியல் மாணவர் சங்கிலி அளவையில் முதற்பாடமாகக் கற்பதும், தமிழ்நாட்டு நிலவளவைத் துறையின் புலப்படங்களில் மூலைவிட்டக் கோடும் அதனின்று எடுத்த செங்குத்தளவுகளும் இருப்பதும் இக்காரணம் பற்றியே.

5. சோழர் அளவையின் மெய்யான சிறப்பு

இவற்றால் சோழர் நிலவளவையின் பெருமை குன்றுமோ எனின், குன்றாது. அதன் சிறப்பு வேறிடத்தில் உளது என்பதே எம் கருத்து.

முதலாவது, நிலத்தை வகைப்படுத்திய முறை. ஊரின் மொத்த நிலத்தை முதலிற் கூறி, அதனின்று ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, சேரிகள் முதலிய இறையிலி நிலங்களை ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சியதற்கே இறை கட்டினர். இராசராசன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு அளித்த ஆனைமங்கலத்தின் கணக்கும் 97 வேலிக்குச் சற்று மிகுந்த நிலம் என்றும், 8,943 கலத்திற்குச் சற்று மிகுந்த நெல் என்றும் நிலத்தையும் இறையையும் ஒருங்கே நிறுத்திக் கூறுகிறது. பொதுநிலத்திற்கு உழவன் இறை இறுக்கவேண்டாமை இம்முறையால் உறுதியாயிற்று.

இரண்டாவது, எல்லையைப் பலரறியச் செய்தமை. பிடியானையை நடத்தி எல்லையைச் சூழ்வித்தலும், கல்லும் கள்ளியும் நட்டு அதனை நிலைப்படுத்தலும் செப்பேடுகளில் விரிவாகக் கூறப்பெறுகின்றன. நாற்புறத்து ஊராரும் உடனிருந்து காண நிகழ்ந்த இச்செயல், பின்னர் எழும் வழக்குக்குச் சான்றாயிற்று.

மூன்றாவது, கோலையே கல்லிற் பொறித்தமை. அளவுகோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலும் அதிட்டானத்திலும் இரு குறிகளிட்டுப் பொறித்துவைத்த இடங்கள் தமிழகத்தில் உள. மரக்கோல் தேயும், வளையும், வேண்டுமென்றே குறைக்கவும்படும். கல்லிலுள்ள கோலோ எவரும் சென்று ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. ஒரு விரற் குறைவு ஒரு கலம் நெல்லாக மாறும் நாட்டில், உழவனைக் காத்தது நான்காம் கீழ் நாலுமாவன்று, இக்கல்லே என்க. முதற் குலோத்துங்கன் கி.பி. 1086-இல் மீண்டும் நிலம் அளப்பித்தமையும், கணக்கு பழையதானால் நிலத்தையே திரும்பச் சென்று பார்க்கவேண்டும் என்னும் தெளிவைக் காட்டுகிறது.

6. மேலிருந்து நோக்கும் அளவை

கோல் அளவை வயலிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து நாட்டுக்கும் கூட்டிச் செல்வது. ஒவ்வொரு வயலின் பிழையும் கூட்டுத்தொகையில் சேர்ந்துகொண்டே போகும். இதற்கு மாறாக, முழுமையை முதலில் வரையறுத்துப் பின் பகுதிக்கு இறங்குவதே இக்கால நிலவளவையின் அடிப்படை. அம்முறையில் 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையை அடுத்து ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்து, அதன்மீது முக்கோணங்களை அமைத்துச் சென்றார். பின்னர்ப் பெங்களூரை அடுத்து மற்றொரு கோடு அளந்து, கணக்கால் வந்த நீளத்தைக் களத்தால் வந்த நீளத்தோடு ஒப்பிட்டனர். பிழை உண்டு என்று முன்னரே ஏற்றுக்கொண்டு, அதன் அளவைத் தேடிக் காண்பதே இம்முறையின் உயிர்.

1808-இல் லாம்டனின் பெரிய தியோடலைட் கருவி தஞ்சைப் பெரியகோயிலின் கோபுரத்தின்மீது ஏற்றப்பட்டபோது, கயிறு அறுந்து சுவரில் மோதிச் சேதமுற்றது. ஏறக்குறைய அரை டன் எடையுள்ள அக்கருவியைச் செப்பனிட்டே மீண்டும் பயன்படுத்த வேண்டியதாயிற்று. இராசராசனின் நிலக்கணக்கு பொறிக்கப்பெற்ற கோயிலிலேயே இது நிகழ்ந்தது. ஒரே கோயிலில் இருவகை அளவைகள் சந்தித்தன எனலாம்.

தொகுத்துரைப்பின், 5242,88,00,000 என்னும் எண் சோழர் கணக்கரின் பின்னக் கணக்குத் திறனுக்குச் சான்று. அளந்தோரின் கோலுக்குச் சான்றன்று. கல்வெட்டுகளில் வரும் பரப்பளவுகளை இக்கால ஏக்கராக மாற்றி, விளைச்சலும் வரிச்சுமையும் கணிக்கும் ஆய்வாளர், கடைசிப் பின்னம்வரை பெருக்குவதனால் பயன் பெரிதும் இல்லை. அவ்வூரில் வழங்கிய கோல் யாது, அதன் நீளம் எத்துணை, மாவிற்குக் குழி எத்தனை என்பவற்றை முதலில் துணிதல் வேண்டும். பன்னிருசாண் கோற்குழிக்கும் பதினறுசாண் கோற்குழிக்கும் உள்ள வேறுபாடு ஒன்பதுக்குப் பதினாறு. அவ்விடத்தே தவறினால், கீழ்வாய்ச் சிற்றிலக்கம் எத்தனை அடுக்கினும் அத்தவறு திருந்தாது. கோயிற் சுவர்களில் எஞ்சியுள்ள கோற்குறிகளை எல்லாம் அளந்து, அவ்வவ்வூர்க் கல்வெட்டுகளோடு பொருத்தித் தொகுக்கும் பணியைக் கல்வெட்டு மாணவரும் நிலவளவை மாணவரும் இணைந்து மேற்கொள்ளின், சோழர்காலப் பொருளியல் வரலாற்றுக்கு உறுதியான அடிக்கோடு ஒன்று கிடைக்கும்.