ஹார்டு டிஸ்க் பெட்டிக்குள் ஒரு சம்பா



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "ஐயா, நம்ம பள்ளிக்கூடத்துல அட்டெண்டரா இருந்த எங்கப்பா நிக்கிற குரூப் போட்டோ உங்ககிட்ட இருக்குமா? வீட்டுல அவர் படம் ஒண்ணுகூட இல்லீங்க" என்றார்.

இருந்தது. நான் வேலை பார்த்த காலத்துப் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து, வைஃபை ரவுட்டரோடு இணைத்த ஹார்டு டிஸ்க் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் மகன் வாங்கித் தந்த புது லேப்டாப் அந்தப் பெட்டியைத் திறக்க மறுத்தது. பழைய கணினியோ கண்ணை மூடிவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சரியான தூக்கமில்லை. காரணத்தைத் தேடப் போனால் ஒரு வரலாறே கிடைத்தது. வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பேனா?

ஒரு கணினியில் உள்ள கோப்பை இன்னொரு கணினி திறக்க, இரண்டுக்கும் பொதுவான பேச்சு வேண்டும். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் அப்படி ஒன்றை உருவாக்கினார். அதன் பெயர் எஸ்.எம்.பி. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது.

1991 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் டாஸ் கணினியை வேறு வகைக் கணினியோடு இணைக்க விரும்பினார். அதற்கான விதிகள் எழுதிய புத்தகம் அவர் கையில் இல்லை. கணினிகள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டே, எதற்கு என்ன பதில் என்று கண்டுபிடித்து ஒரு நிரல் எழுதினார். மொழி தெரியாத ஊரில் ஓட்டலில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரர் என்ன கேட்டால் என்ன வருகிறது என்று கவனித்துப் பழகுவது போல! 1993-இல் மனைவியின் கணினியைத் தன் லினக்ஸ் கணினியோடு வீட்டில் இணைக்க நினைத்தபோதுதான், அதே நிரல் அதற்கும் உதவும் என்று தெரிந்துகொண்டார்.

அவர் முன்பு வைத்திருந்த பெயர் இன்னொரு நிறுவனத்துக்குச் சொந்தமானதாக இருந்தது. அதனால் எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடி, 'சம்பா' என்று மாற்றினார். நம் சீரகச் சம்பா இல்லை, பிரேசில் நடனம்! இலவசமாகக் கிடைக்கும் அந்த நிரல்தான் இன்று வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஓடுகிறது.

அப்புறம் என் பெட்டி ஏன் திறக்கவில்லை? 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற கெடுநிரல், விண்டோஸில் எஸ்.எம்.பி. முதல் பதிப்பு இயங்கிய விதத்தில் இருந்த ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து புது விண்டோஸ் பழைய பேச்சை ஒதுக்கத் தொடங்கியது. என் பெட்டிக்குத் தெரிந்ததோ அது ஒன்றுதான்.

லேப்டாப்பில் பழைய பதிப்பைத் திறந்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பூட்டை உடைப்பானேன்? பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, அமைப்புப் பக்கத்தில் இரண்டாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். திறந்துகொண்டது.

படம் அன்றிரவே போய்ச் சேர்ந்தது. பின்வரிசையில், கையில் மணிக்கட்டையோடு நிற்கிறார் அந்த நல்ல மனிதர்.

ஒரே பெட்டியை நம்பி இருந்தது என் தவறு. இப்போது இன்னொரு நகல் எடுத்துவிட்டேன். நீங்களும் எடுத்து வையுங்கள். உங்கள் வகுப்புப் படம் வேண்டுமென்றால், பென் டிரைவோடு வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு.