மதிப்பும் முறையீடும்: பாலியல் துன்புறுத்தலை முன்வைத்துச் சில கேள்விகள்

1992இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகப் பன்வாரி தேவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அவர் குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர்; மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ எனப்படும் களப்பணியாளர். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை வன்புணர்வு வழக்கிலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்புக்குப் பின்னிருந்த காரணங்களில் ஒன்று. அவர் சொன்னது உண்மையா என்று பார்ப்பதற்கு முன்பே, அதைச் சொல்லும் தகுதி அவருக்கு உண்டா என்பது சாதியின் படிநிலையை வைத்து முடிவாகிவிட்டது.

பெண்ணை மதிக்க வேண்டும் என்பதை மேடையில் மறுப்பவர் எவரும் இல்லை. எந்த மதிப்பு என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. தத்துவவாதி ஸ்டீபன் டார்வால் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில் இருவகை மதிப்புகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, ஒருவரது குணத்தையோ திறமையையோ எடைபோட்டு அளிப்பது. மற்றது, எதிரே இருப்பவர் ஒரு மனிதர் என்பதற்காகவே நம் நடத்தையில் அவரைக் கணக்கில் எடுத்தாக வேண்டிய கடமை. முன்னது கூடும், குறையும். பின்னதற்கு ஏற்ற இறக்கம் கிடையாது. நம் சமூகம் பெண்ணுக்குத் தரும் மரியாதை பெரும்பாலும் முதல் வகைதான். அடக்கம், குடும்பப் பெயர், உடுத்தும் விதம், வீடு திரும்பும் நேரம் என எல்லாவற்றையும் பார்த்த பிறகே அது கிடைக்கிறது. நிபந்தனையோடு வந்ததைத் திரும்பப் பெறுவதும் எளிது. துன்புறுத்தப்பட்டவரிடம் ‘அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை?’ என்று கேட்பவர், தாம் பெண்களை அவமதிப்பதாக நினைப்பதில்லை. அவர் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சட்டமும் நெடுங்காலம் இந்த வழியிலேயே நடந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு பெண்ணின் நாணத்துக்கு ஊறு செய்வதையே குற்றமாகக் கண்டது. அதே கருத்து இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவிலும் தொடர்கிறது. 1997 ஆகஸ்ட் 13 அன்று வந்த விசாகா தீர்ப்பு வேறு அடித்தளத்தில் நின்றது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சமத்துவத்தையும், கண்ணியத்தோடு வாழும் உரிமையையும், தொழில் செய்யும் சுதந்திரத்தையும் பறிக்கிறது என்றது உச்ச நீதிமன்றம். நாணம் இங்கே அளவுகோல் அல்ல, குடியுரிமைதான் அளவுகோல். இந்த மாற்றம் நீதிபதிகளின் பெருந்தன்மையால் மட்டும் வந்ததன்று. பன்வாரிக்கு நேர்ந்ததைத் தங்களுக்கு நேர்ந்ததாக எடுத்துக்கொண்டு பெண்கள் அமைப்புகள் மனுப்போட்டதால் வந்தது.

என் வாதம் இங்கிருந்து புறப்படுகிறது. மதிக்கப்படுதல் என்பது ‘நிறுத்து’ என்று சொல்லவும், அந்தச் சொல்லுக்கு எதிராளி பதில் சொல்லியாக வேண்டும் என்று எதிர்பார்க்கவும் உள்ள நிலை. துன்புறுத்தல் உடலை மட்டும் தாக்குவதில்லை. இந்த நிலையையே அழிக்கிறது. தனியொருத்தி அதை மீட்டுக்கொள்ள முடியாது என்பதால்தான் இயக்கம் தேவைப்படுகிறது.

தையல் ஆலையின் ஒரு லைனைப் பாருங்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைப்பவர் சூப்பர்வைசர். பீஸ் குறைந்தால் எல்லோர் முன்னிலும் வைவது அவர். லீவு கேட்டாலும், தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். தோளில் கைவைப்பவரும் அவரே. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். குழுவின் பெயர்ப்பலகை சுவரில் தொங்கலாம். ஆனால் புகார் கொடுத்தவர் மறுநாள் உட்கார வேண்டியது அதே லைனில், அதே மனிதருக்கு முன்னால். முறையிடும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. முறையிடுபவர் மட்டும் தனித்து நிற்கிறார்.

இந்த இடைவெளியைத்தான் திண்டுக்கல் உடன்பாடு குறிவைத்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆயத்த ஆடை ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அவரது சூப்பர்வைசரே கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது; எச்&எம், கேப், பிவிஹெச் ஆகிய பன்னாட்டு ஆடை நிறுவனங்கள் தனித்தனியே அதற்குக் கட்டுப்பட்டன. தொழிலாளர்களிலிருந்தே 25 பேருக்கு ஒருவர் வீதம் கண்காணிப்பாளர்கள் என்பது அதன் ஏற்பாடு. தத்துவ நூல்களில் அருவமாகப் பேசப்படும் ‘பதில் கோரும் தகுதி’ இங்கே, அடுத்த மெஷினில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணாக உருக்கொள்கிறது. சாதியால் இரட்டிப்பாகத் தள்ளப்பட்டவர்களே இதைக் கட்டினார்கள் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் மதிப்பு உண்டல்லவா, இயக்கங்கள் பொதுவெளியில் பெயர் சொல்லும்போது அது மீறப்படுகிறதே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது; அவர் தரப்பைக் கேளாத விசாரணை விசாரணையே அல்ல. ஆனால் ஒருவரிடம் கணக்குக் கேட்பது அவரை மதிப்பதன் ஒரு வடிவமும்கூட. தத்துவவாதி பி.எஃப். ஸ்ட்ராசன் 1962இல் சுட்டியதுபோல, பொறுப்பேற்கத் தகுதியுள்ளவர்மேல்தான் நாம் மனக்குறை கொள்கிறோம். மற்றவர்களைக் கையாளவோ தவிர்க்கவோ மட்டுமே செய்கிறோம். ‘ஆண்கள் அப்படித்தான், நீதான் ஒதுங்கிப் போக வேண்டும்’ என்பது ஆண்களை மனிதர் வரிசையிலிருந்தே நீக்கும் பேச்சு. தவிர, பொதுவெளிக்கு வந்தவர்கள் பலரும் வேறு கதவுகள் மூடியிருந்ததால் வந்தவர்கள். சட்டப்படி மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். பேசத் துணிவு வர அதைவிட நாளாகும். பாலியல் துன்புறுத்தலைப் பொதுவெளியில் சொன்னதற்காகப் பத்திரிகையாளர் பிரியா ரமணிமீது முன்னாள் மத்திய இணை அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தபோது, பல ஆண்டுகள் கழித்தும், தான் தேர்ந்த மேடையிலும் முறையிடப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது.

ஆயினும் இந்த வாதம் வலுவிழக்கும் இடம் ஒன்று உண்டு. வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு லைன் கிடையாது, பக்கத்து மெஷின் கிடையாது. 2013 சட்டம் அவரைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவரது புகாரில் முகாந்திரம் தெரிந்தால் மாவட்ட உள்ளூர்க் குழு அதை ஏழு நாளில் காவல்துறைக்கு அனுப்பிவிடும். அலுவலக ஊழியருக்குக் குழுவே விசாரணை நடத்துகிறது. இவருக்குக் காவல்நிலைய வாசல். அங்கே அவரோடு உடன் செல்லப்போவது யார் என்பதற்கு, அவர் வேலை செய்யும் தெருக்களில் சங்கம் இல்லாதவரை, சட்டத்தில் விடை கிடையாது.