பிக்கிள்பாலில் பிற ராக்கெட் ஆட்டக்காரர்கள்

பிக்கிள்பால் என்பது துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் நரம்பு கட்டாத தட்டை மட்டையையும் கொண்டு, தாழ்ந்த வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் ஆட்டம். ஒற்றையர் ஆட்டமும் உண்டு. பெரும்பாலும் இரட்டையராகவே ஆடப்படுகிறது. டென்னிஸ், இறகுப்பந்து, மேசைப்பந்து, ஸ்குவாஷ் ஆடிப் பழகியவர்கள் இந்த ஆட்டத்துக்கு மாறும்போது எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது என்பதை இக்கட்டுரை கூறுகிறது. அப்படி வருபவர்கள் முதல் நாளே பந்தை வலைக்கு மேல் தாராளமாக அடித்துவிடுவார்கள். சில வாரங்களில் புதியவர்களை எளிதாக வெல்வார்கள். பிறகு ஓரிடத்தில் முன்னேற்றம் நின்றுவிடும். அவர்களைவிட மெதுவாக ஓடும், அவர்களைவிட மெதுவாக அடிக்கும் அறுபது வயதுக்காரரிடம் தோற்பார்கள். எப்போது அடிக்கக் கூடாது என்பது அந்த அறுபது வயதுக்காரருக்குத் தெரிந்திருப்பதுதான் காரணம்.

தோற்றம்

1965 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு எதிரே கடலில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் தொடங்கியது. அரசியல்வாதி ஜோயல் பிரிட்சர்டின் வீட்டில் பழைய இறகுப்பந்துத் தளம் ஒன்று இருந்தது. ஆட முழுச் சாமான்கள் இல்லை. அவரும் நண்பர் பில் பெல்லும் மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டார்கள். முதலில் வலை இறகுப்பந்து உயரத்தில், 60 அங்குலத்தில் இருந்தது. பந்து தார்த்தளத்தில் நன்றாக எழும்புவதைக் கண்டதும் 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். பின்னர் பார்னி மெக்காலம் சேர்ந்துகொள்ள, மூவரும் விதிகளை வகுத்தனர். வேறு ஆட்டங்களில் கிடந்த பொருள்களைச் சேர்த்துச் செய்த ஆட்டம் என்பதால், எந்த ராக்கெட் ஆட்டக்காரர் வந்தாலும் இதில் தன் ஆட்டத்தின் ஒரு துண்டைக் கண்டுகொள்கிறார். பழக்கத்தில் ஊறிய கை ஏமாறுவதும் அந்தத் துண்டில்தான். 2022இல் வாஷிங்டன் மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக அறிவித்தது.

தளமும் இரு விதிகளும்

தளம் 44 அடி நீளம், 20 அடி அகலம்; இரட்டையர் இறகுப்பந்துத் தளத்தின் அதே அளவு. வலை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். வலையின் இருபுறமும் 7 அடி ஆழத்துக்கு ஒரு பட்டை உண்டு. ஆட்டக்காரர்கள் அதைக் ‘கிச்சன்’ என்பார்கள். அதற்குள்ளோ அதன் கோட்டிலோ கால் வைத்தபடி, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. கிச்சனுக்குள் போகவே கூடாது என்று பலர் நினைப்பது தவறு. எப்போது வேண்டுமானாலும் போகலாம். தரையில் பட்டு எழுந்த பந்தை உள்ளே நின்று அடிக்கலாம். ஆனால் வெளியே நின்று பந்தை அந்தரத்திலேயே அடித்துவிட்டு, அடித்த வேகத்தில் உள்ளே கால் போனாலும் தவறுதான்.

இரண்டாவது, இரு துள்ளல் விதி. சர்வ் எதிர்த்தரப்பில் ஒருமுறை தரையில் பட வேண்டும். அவர்கள் திருப்பும் பந்தும் சர்வ் போட்டவர் பக்கம் ஒருமுறை பட வேண்டும். அதன் பிறகே பந்தை அந்தரத்தில் அடிக்கலாம். சர்வை இடுப்புக்குக் கீழே, கை கீழிருந்து மேலே வரும்படி போட வேண்டும். பந்தைக் கீழே விட்டு, எழும்பியதும் அடிக்கும் வகைக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இவ்விரண்டு விதிகளும் சேர்ந்து ஆட்டத்தைத் தலைகீழாக்குகின்றன. டென்னிஸில் சர்வ் கையில் இருந்தால் பலம். இங்கே சர்வ் வாங்குபவருக்கே பலம். அவர் ஆழமாகத் திருப்பிவிட்டு உடனே கிச்சன் கோட்டுக்கு ஓடி நின்றுகொள்ளலாம்; அவருடைய கூட்டாளி முன்பே அங்கே நிற்பார். சர்வ் போட்டவர்களோ பந்து தரையில் படும்வரை பின்கோட்டருகே காத்திருக்க வேண்டும். வலையருகே நிற்பவர் பந்தை மேலிருந்து கீழே அடிப்பார், பின்னால் நிற்பவர் கீழிருந்து மேலே அடிப்பார். ஆகவே சர்வ் போட்ட அணி எப்படி முன்னேறிக் கோட்டைச் சேர்வது என்பதே ஒவ்வொரு புள்ளியின் கேள்வி.

புள்ளிக் கணக்கும் இதற்கேற்ப அமைந்தது. வழக்கமான முறையில் சர்வ் போடும் அணிக்கே புள்ளி. 11 புள்ளி, 2 வித்தியாசத்தில் வெற்றி. இரட்டையரில் இருவரும் அடுத்தடுத்து சர்வ் போடுவார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் அணிக்கு மட்டும் முதல் சுற்றில் ஒருவருக்கே வாய்ப்பு. 2006க்கு முன் இறகுப்பந்து ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. அப்போது அங்கேயும் சர்வ் போட்டவருக்குத்தான் புள்ளி, இரட்டையரில் ‘செகண்ட் ஹேண்ட்’ என்று கூவுவதும் இருந்தது.

மூன்றாவது அடி

சர்வ் முதல் அடி, திருப்புவது இரண்டாவது. மூன்றாவதில்தான் ராக்கெட் ஆட்டக்காரரின் பழைய பழக்கம் பளிச்சென்று வெளிப்படுகிறது. பந்து இடுப்புயரத்தில், நேராக, அழைப்பது போல வருகிறது. டென்னிஸ்காரர் தோளைத் திருப்பி, மட்டையைப் பின்னால் இழுத்து, முழு வேகத்தில் விளாசுகிறார். எதிரே கோட்டில் நிற்பவர் மட்டையை நெஞ்சுக்கு முன் பிடித்தபடியே தடுத்து, அவர் காலடியில் போடுகிறார். புள்ளி முடிந்தது. விளாசியவர் பிழை ஏதும் செய்ததாகத் தோன்றாது. அதனால் அடுத்த முறையும் அதையே, இன்னும் பலமாக அடிப்பார்.

இங்கே தேவைப்படும் அடிக்கு ‘டிராப்’ என்று பெயர். பந்து ஏறத்தாழ 22 அடி தூரத்திலிருந்து கிளம்பி, தன் பக்கத்திலேயே உச்சியைத் தொட்டு, வலையைக் கடக்கும்போது இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். எதிர்ப்பக்க கிச்சனில், 7 அடிக்குள் விழ வேண்டும். சரியாக விழுந்தால் எதிரி பந்தைக் கீழிருந்து தூக்கித்தான் தர முடியும். அந்த இடைவெளியில் அடித்தவர் முன்னேறிவிடுவார். முழங்கால் மடங்கும், மணிக்கட்டு அசையாது, தோளிலிருந்து கை மெல்ல எழும். எட்டி நிற்பவரிடம் சாவிக்கொத்தைத் தூக்கிப் போடுவோமே, அந்த அசைவு. பத்தில் ஏழு சரியாக விழுவதற்கே பல மாதங்கள் ஆகும். ஒரே டிராப்பில் கோட்டைச் சேர்ந்தாக வேண்டும் என்பதும் இல்லை. பாதித் தூரம் வந்து, எதிரி அடிக்கும் கணத்தில் நின்று, இன்னொரு மென்பந்து போட்டு மீதித் தூரத்தைக் கடக்கலாம். ஓடிக்கொண்டே பந்தை வாங்குவதுதான் பெரும் தவறு.

டென்னிஸிலிருந்து

டென்னிஸ்காரர்களுக்குக் கால் வேகம் இருக்கிறது, பந்தைத் தரையில் படும் முன்பே அடிக்கும் வாலி இருக்கிறது, தலைக்கு மேல் வரும் பந்தை அடிக்கத் தெரிகிறது. சர்வை ஆழமாகத் திருப்புவதில் அவர்களுக்கு இணை இல்லை. குறை, வீச்சு நீளமாக இருப்பது. டென்னிஸில் வலையிலிருந்து பின்கோடு 39 அடி. இங்கே 22 அடி. கிச்சன் கோடுகளுக்கிடையே 14 அடிதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து அதைக் கால் நொடியில் கடந்துவிடும். மட்டையைப் பின்னால் இழுக்க நேரம் ஏது? மட்டை எப்போதும் உடலுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

பந்தும் வேறு. டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம்; பிக்கிள்பால் பந்து 22.1 முதல் 26.5 கிராம். துளைகள் காற்றைப் பிடித்து அதன் வேகத்தைச் சட்டென்று குறைக்கின்றன. தரையில் பட்டாலும் தாழவே எழும்பும். நரம்பு இல்லாத மட்டை பந்தை உள்வாங்கித் தள்ளாது. ஆகவே பந்து டென்னிஸில் போலத் தன்னைத் தேடி வரும் என்று நிற்பவர், அது செத்து விழுந்த பிறகு குனிகிறார்.

இன்னொன்று, விட்டுவிடுதல். தோளுயரத்தில் வேகமாக வரும் பந்து, தளம் சிறிது என்பதால், பெரும்பாலும் வெளியே போய் விழும். டென்னிஸ் வாலிக்குப் பழகிய கை அதையும் தொட்டுவிடும். எதிரி இழந்திருக்க வேண்டிய புள்ளியை இப்படி அவருக்கே தானம் செய்கிறோம்.

இறகுப்பந்திலிருந்து

நம் ஊரில் ‘ஷட்டில்’ ஆடாதவர் குறைவு என்பதால் இந்த மாற்றம் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது. தளத்தின் அளவு கண்ணுக்குப் பழகியது. கை வேகமானது. பேக்ஹேண்ட் பிடியிலேயே நின்று உடம்புக்கு நேரே வருவதைத் தடுக்கும் பழக்கம் கிச்சன் கோட்டுச் சண்டையில் பொன்னானது. கடைசிக் கணம்வரை பிடித்துவைத்துத் திசை மாற்றும் ஏமாற்று வித்தையும் அப்படியே உதவும்.

ஆனால் இறகுப்பந்து தரையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. அங்கே கற்பதெல்லாம் சீக்கிரம் எடு, உயரத்தில் எடு என்பதே. பந்து துள்ளட்டும் என்று காத்திருப்பது அந்த உடம்புக்குப் பிடிக்காத காரியம். இப்படி ஒரு காட்சியை எந்தத் தளத்திலும் பார்க்கலாம். எதிரணி கிச்சனுக்குள் ‘டிங்க்’ எனப்படும் மெல்லிய தட்டலைப் போடுகிறது. இறகுப்பந்து ஆடிய பெண் வலது காலை நீட்டிப் பாய்ந்து, கிச்சனுக்குள் கால் ஊன்றி, தரையில் பட்டு எழுந்த பந்தை அழகாக எடுத்துப் போடுகிறார். எதிரி தடுமாறிப் பந்தை உயரத் தூக்கிவிடுகிறார். மெதுவாக, முகத்துக்கு நேரே, வா என்று அழைக்கும் பந்து. அவர் கை தானாக எழுந்து அடித்துவிடுகிறது. கால் இன்னும் கிச்சனுக்குள். புள்ளி போயிற்று. இரு பாதங்களும் வெளியே வந்து தரையைத் தொட்ட பிறகே தரையில் படாத பந்தை அடிக்கலாம். ஆகவே பாய்ந்த காலை உடனே பின்னிழுப்பதைத் தனிப் பயிற்சியாகவே செய்ய வேண்டும்.

மணிக்கட்டு அடுத்த சிக்கல். இறகுப்பந்து ராக்கெட் 80 முதல் 90 கிராம். பிக்கிள்பால் மட்டை பெரும்பாலும் 210 முதல் 240 கிராம். ராக்கெட்டைச் சொடுக்குவது போல இதைச் சொடுக்கினால் டிங்க் எகிறும். நாள்பட்டால் முழங்கையும் வலிக்கும்.

மேசைப்பந்து, ஸ்குவாஷ், பூப்பந்து

என் பார்வையில் மிகச் சுலபமாக மாறுபவர்கள் மேசைப்பந்துக்காரர்கள். வீச்சு குறுகியது, பேக்ஹேண்ட் உடம்புக்கு முன்னாலேயே நடக்கும், சுழற்சியைப் பார்த்தவுடன் படிக்கிறார்கள். அவர்கள் கற்க வேண்டியது குனிவது. மேசையில் பந்து இடுப்பருகே எழும், இங்கே பல பந்துகள் அதைவிட வெகு தாழ்வாக. இடுப்பை வளைத்துக் குனிந்தால் முதுகு போகும், முழங்காலை மடக்க வேண்டும். சுழற்சியை மட்டும் நம்பவும் முடியாது. மட்டையின் சொரசொரப்புக்கு விதிகளில் வரம்பு உண்டு. சர்வுக்கு முன் விரலால் பந்தைச் சுழற்றிவிடுவதும் 2023இல் தடைசெய்யப்பட்டது.

ஸ்குவாஷ்காரர் தாழ்ந்த பந்துக்கு நன்றாகக் குனிவார், வெட்டி அடிப்பார். அங்கே குறுக்கே வலை இல்லை என்பதால் முதல் மாதம் பந்து வலையிலேயே விழும்.

தஞ்சாவூரில் உருவான பூப்பந்தாட்டத்தை ஆடியவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஐவர் சேர்ந்து கம்பளிப் பந்தைத் தரையில் படாமல் ஆடும் அந்த ஆட்டம், யார் பந்து என்று கணத்தில் முடிவுசெய்யப் பழக்குகிறது. இரட்டையர் பிக்கிள்பாலில் நடுவே வரும் பந்தை இருவரும் பார்த்துக்கொண்டே விடுவது வாடிக்கை. பூப்பந்துக்காரர் அங்கே தயங்க மாட்டார்.

மாறி வந்தோர்

பென் ஜான்ஸ் சிறுவயதில் டென்னிஸும் மேசைப்பந்தும் ஆடியவர். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் படித்துக்கொண்டே இந்த ஆட்டத்தின் முதல்நிலை வீரரானார். அன்னா லீ வாட்டர்ஸ் 2017இல் இர்மா புயலுக்குத் தப்பித் தாயுடன் பென்சில்வேனியாவில் உள்ள தாத்தா வீட்டுக்குப் போனபோது இதைக் கற்றார்; 12 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். பிரேசிலைச் சேர்ந்த சிமோன் ஜார்டிம் பல்கலைக்கழக டென்னிஸ் பயிற்சியாளராக இருந்து வந்தவர். விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற ஜாக் சாக் 2023இல் தன் முதல் தொழில்முறைப் போட்டியிலேயே வாட்டர்ஸுடன் கலப்பு இரட்டையரில் வென்றார். 2014 விம்பிள்டன் இறுதியாட்டம்வரை சென்ற யூஜினி புஷார்டும் வந்தார். பெரிய பெயர்கள் வந்தவுடன் எல்லாரையும் வீழ்த்திவிடவில்லை என்பதே இந்த ஆட்டத்துக்குத் தனித்திறன் உண்டு என்பதற்குச் சான்று.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் மும்பையின் சுனில் வலாவல்கர். இங்கே முன்னணியில் உள்ள அர்மான் பாட்டியாவும் டென்னிஸிலிருந்து வந்தவரே. 2025இல் மும்பையில் நடந்த உலக பிக்கிள்பால் லீக்கில் நடிகை சமந்தாவின் சென்னை அணியும் இயக்குநர் அட்லியின் பெங்களூரு அணியும் ஆடின.

காயமும் பயிற்சியும்

தளம் சிறிது, ஆகவே ஆபத்து இல்லை என்ற எண்ணம் கேடானது. தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து மல்லாந்து விழுவது பெரிய விபத்து. மணிக்கட்டு முறிவதும் தலையில் அடிபடுவதும் அப்படித்தான். ஒரு காலைப் பின்வைத்து உடம்பைத் திருப்பி ஓட வேண்டும். எட்டாத பந்தைக் கூட்டாளிக்கு விட வேண்டும். உடம்பைச் சூடேற்றாமல் தளத்தில் இறங்கி உடனே பாய்பவருக்குக் குதிகால் தசைநார் தெறிக்கும். முன்பே பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குவது நல்லது. செருப்பும் ஓட்டத்துக்கான ஷூவும் பக்கவாட்டு அசைவைத் தாங்காது, கோர்ட் ஷூ வேண்டும்.

மட்டை வாங்கும்போது, வேகம் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் 16 மில்லிமீட்டர் தடிமனுள்ளதை எடுப்பது நல்லது; மென்பந்துக்கு அது ஒத்துழைக்கும்.

ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தும் பயிற்சி ஒன்று உண்டு. இருவர் எதிரெதிர் கிச்சன் கோடுகளில், குறுக்குக் கோணத்தில் நின்று டிங்க் மட்டும் போட வேண்டும். வலைக்கு மேல் ஓரடிக்குள், கிச்சனுக்குள், ஐம்பது முறை விடாமல். பத்தாவது பந்திலேயே கை பலமாக அடிக்கத் துடிக்கும். அப்போது ஒரு கட்டுப்பாடு: பந்து வலையின் உயரத்துக்கு மேலே இருந்தால் மட்டுமே வேகமாக அடிக்கலாம், கீழே இருந்தால் இன்னொரு டிங்க். விளாசிவிட்டால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.