1977: கை கொடுத்தவரும் கை கழுவியவரும்

1970இல் 151 ஆசனங்களில் 116ஐ வென்றது சிறிமாவோவின் ஐக்கிய முன்னணி. 1977இல் சுதந்திரக் கட்சிக்கு மிஞ்சியவை 168இல் எட்டு, இடதுசாரிகளுக்கு ஒன்றுமில்லை. தெற்கில் பாண் வரிசையும் வேலையின்மையும் அவர்களை வீழ்த்தின.

வடக்கின் கதை வேறு. இறக்குமதித் தடையால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. வலிகாமத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்தனர். ஆனால் தரப்படுத்தல் அவர் பிள்ளைகளின் பல்கலைக்கழக வழியை மறித்தது. 1972 அரசியலமைப்பு தமிழுக்கு உரிய இடம் தரவில்லை. மயிலிட்டி அடங்கிய காங்கேசன்துறைத் தொகுதி 1975இல் செல்வநாயகத்தையும், 1977இல் அமிர்தலிங்கத்தையும் தெரிவுசெய்தது.

புதிய ஆட்சி இறக்குமதியைத் திறந்துவிட்டது, தோட்டக்காரர் நொந்தனர். அவருக்காகப் பேச அந்தப் பொதுத் தேர்தலில் இடதுசாரி எவரும் தெரிவாகியிருக்கவில்லை.

விளைச்சலுக்கு விலை கொடுத்தவர்கள் மொழிக்கும் மதிப்புக் கொடுத்திருந்தால்? 1990இல் ஊரைவிட்டு ஓடிய மயிலிட்டி மக்களுக்கு இது வெறும் சரித்திரக் கேள்வியல்ல.